பழைய லப்டொப்புக்கு எஸ்எஸ்டி பூட்டுறதா, புதுசு எடுக்கிறதா? ஒன் ஆகுற நேரத்த வச்சு ஒரு கணக்கு

என்ட தங்கச்சி ஆரையம்பதில இருக்கா, டீச்சர். போன தவணைப் பரீட்சை நேரம் அவட வீட்ட ரெண்டு நாள் நிண்டன். காலைல அஞ்சரைக்கு லப்டொப்ப மேசைல வச்சு பட்டன அமத்திட்டு அடுப்படிக்குப் போய் தேங்கா திருவத் தொடங்கிட்டா. பாதித் தேங்காய் திருவி, கையக் கழுவி, புள்ளைய எழுப்பிட்டு வந்து பாத்தா திரைல அந்த வட்டம் இன்னும் சுத்திட்டுத்தான் கிடக்கு. அடுத்த நாள் போனுல நேரம் பிடிச்சுப் பாத்தன், டெஸ்க்டொப் வர ரெண்டே முக்கால் நிமிஷம், வேர்ட் திறந்து எழுத்து விழ நாலு நிமிஷத்துக்கும் மேல. "அண்ணா, இந்த மாசம் சீட்டுக் காசு விழுந்தா புதுசு ஒண்டு எடுக்கப் போறன், இதோட மாரடிக்க ஏலாது" எண்டா.

அவ மட்டுமில்ல, ஒலுவில் கம்பஸ்ல படிக்கிற மருமகன், காத்தான்குடில கடை வச்சிருக்கிற நானா, வந்தாறுமூலைல படிக்கிற பக்கத்து வீட்டுப் புள்ள, எல்லாரும் கேக்கிறது இதத்தான். ஒன் ஆக சுணங்குது, எறிஞ்சிட்டு புதுசு எடுக்கவா, இல்லாட்டி பழைய ஹாட் டிஸ்க்கக் கழட்டிட்டு எஸ்எஸ்டி, அதாவது சிப்புல ஃபைல வைக்கிற கெதியான டிஸ்க், பூட்டவா? 2022ல டொலர் 200 ரூவா கிட்ட இருந்து 360க்குப் போனதும், மறுகா 2024 ஜனவரில வாட் 18 வீதமானதும், ஒரு லப்டொப் எடுக்கிறது எண்டா இப்ப ஒரு குடும்பத்துக்கு பெரிய முடிவு. அதால ஆறுதலா எழுதுறன், கொஞ்சம் நீளம்தான், காசு குடுக்க முதல் வாசிச்சிட்டுப் போங்க.

முதல்ல எத வச்சு அளக்கிறது

டெஸ்க்டொப் தெரியிற நேரத்த அளக்காதீங்க, அது ஏமாத்தும். படம் வந்திரும், ஐக்கன் எல்லாம் வரிசையா நிக்கும், ஆனா கிளிக் பண்ணினா ஒண்டும் நடக்காது. பட்டன் அமத்தினதில இருந்து நீங்க வழமையா செய்யிற முதல் வேலை, வேர்ட் ஃபைல் ஒண்டோ குரோமோ, திறந்து கை வைக்கிற வரைக்கும் எத்தின செக்கன் எண்டு பாருங்க. அதுதான் உண்மையான நேரம்.

ரெண்டாவது, எந்த மாதிரி ஒன் பண்றீங்க எண்டதையும் கவனிக்கணும். 2012ல வந்த விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டாட்டப் எண்டு ஒண்டு இருக்கு, ஷட் டவுன் குடுத்தாலும் அது விண்டோஸ்ட அடிப் பகுதிய ஒரு ஃபைலா டிஸ்க்குல எழுதி வச்சிரும், அடுத்த தரம் அத அப்பிடியே தூக்கி வைக்கும். ரீஸ்டாட் குடுத்தா அப்பிடி இல்ல, எல்லாம் முதல்ல இருந்து தொடங்கும். ஒரு லப்டொப்ப ஷட் டவுன் பண்ணியும் மத்தத ரீஸ்டாட் பண்ணியும் ஒப்பிட்டா கணக்கு பிழைக்கும். ரெண்டையும் ரீஸ்டாட் பண்ணித்தான் நான் பாக்கிறன்.

இந்த நேரத்தோட சேத்து இன்னும் மூண்டு விசயம் பாக்கணும். கடைல சொல்ற விலை இல்லாம எல்லாம் சேத்து முடியிற காசு, அந்த மெஷினுக்கு இன்னும் எத்தின வருஷம் விண்டோஸ் அப்டேட் வரும், மறுகா கரண்ட் போனா தாக்குப் பிடிக்குமா பழுதானா இஞ்சயே திருத்தலாமா எண்டது.

சுணக்கம் எங்க இருந்து வருது

இத விளங்கிக்கொண்டா பாதி முடிவு தானா வந்திரும்.

பழைய லப்டொப்புல இருக்கிற ஹாட் டிஸ்க்குக்குள்ள ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5400 தரம் சுத்துது, அதுக்கு மேல ஒரு சின்னக் கை ஓடி ஓடி வாசிக்குது. தட்டு ஒரு சுத்து வர 11 மில்லிசெக்கன், கை இடம் மாற அதேயளவு நேரம். அப்ப வேற வேற இடத்தில கிடக்கிற துண்டு துண்டான ஃபைலுகள எடுக்கிறதெண்டா செக்கனுக்கு 60, 70 தரத்துக்கு மேல ஏலாது. விண்டோஸ் எழும்பும்போது தேடுறது ஆயிரக்கணக்கான சின்னத் துண்டு. காதக் கிட்ட வச்சுக் கேட்டா கிறிக் கிறிக் எண்டு விடாம சத்தம் வரும், முன்னுக்கு இருக்கிற சின்ன லைட் அணையாம எரியும். அது டிஸ்க் மூச்சு வாங்குற சத்தம்தான். புரொசசர் அந்த நேரம் சும்மாதான் இருக்கு.

எஸ்எஸ்டில தட்டும் இல்ல கையும் இல்ல. ஒரு துண்ட எடுக்க மில்லிசெக்கன்ல பத்தில ஒண்டு அளவுதான். நூறு மடங்குக்கும் மேல கெதி. அதால 2012, 2013ல வாங்கின மெஷினா இருந்தாலும் எஸ்எஸ்டி பூட்டின உடன அரை நிமிஷத்துக்குள்ள எழும்பி நிக்குது.

இன்னொண்டு. பழைய ஹாட் டிஸ்க் இருந்த இடத்தில பூட்டுற சாட்டா வகை எஸ்எஸ்டி செக்கனுக்கு 550 எம்பி வரைக்கும் வாசிக்கும், புது லப்டொப்புல வாற என்விஎம்இ வகை எஸ்எஸ்டி 3500, சிலது 7000 எம்பி எண்டு பெட்டில போட்டிருப்பாங்க. பெரிய வீடியோ ஃபைல் கொப்பி பண்ணினா அந்த வித்தியாசம் தெரியும். ஆனா ஒன் ஆகுறதில ரெண்டுக்கும் இடையில மிஞ்சினா சில செக்கன்தான், ஏனெண்டா அங்க தேவைப்படுறது சின்னத் துண்டுகள், அதோட விண்டோஸுக்கு முதல் எழும்பி மெஷின சோதிக்கிற பயோஸ் தன்ட சோதனைய முடிக்கிற நேரத்த எந்த டிஸ்க்காலயும் குறைக்க ஏலாது. ஹாட் டிஸ்க்ல இருந்து எஸ்எஸ்டிக்குப் போறதுதான் பெரிய பாய்ச்சல். அதுக்கு மேல போறதெல்லாம் சின்னப் படி.

உங்கட பிரச்சினை டிஸ்க்தானா எண்டு வீட்டுலயே பாக்கலாம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூண்டையும் ஒண்டா அமத்தினா டாஸ்க் மனேஜர் வரும். ஒன் ஆகி முதல் ரெண்டு நிமிஷம் டிஸ்க் 100 வீதத்தில நிண்டா குற்றவாளி டிஸ்க்தான். டிஸ்க் குறைவா இருந்து மெமரி 90 வீதத்துக்கு மேல நிண்டா ரெம், அதாவது ஓடுற வேலைகள வச்சிருக்கிற மெமரி, போதாது. அங்கயே ஸ்டாட்டப் பக்கத்தில "லாஸ்ட் பயோஸ் டைம்" எண்டு செக்கன் கணக்கு இருக்கும், அது மட்டும் 20, 30 எண்டு காட்டினா பிழை விண்டோஸ்ல இல்ல, அதுக்கு முன்னுக்கு எங்கயோ.

ஒண்டு: இருக்கிறத இருக்கிற மாதிரி துப்பரவாக்கி வச்சிருக்கிறது

செலவு இல்ல. அந்த ஸ்டாட்டப் பக்கத்தில தேவையில்லாத எல்லாத்தையும் நிப்பாட்டலாம், ரெண்டு வைரஸ் கார்ட் ஒண்டா ஓடினா ஒண்டக் கழட்டலாம், சி டிரைவ் சிவப்பா நிறைஞ்சிருந்தா கொஞ்சம் காலியாக்கலாம். இதால நாலு நிமிஷம் ரெண்டரையாகும். அரை நிமிஷம் ஒருநாளும் ஆகாது. ஒரு நாளைக்கு ஒரு தரம் ஒன் பண்ணி பின்னேரம் வரைக்கும் ஓஃப் பண்ணாம வேலை செய்யிற ஆளுக்கு இது போதும், ஸ்லீப்ல போட்டுப் பழகினா அந்தச் சுணக்கமும் தெரியாது.

ஆனா இஞ்ச ஒரு ஆபத்து இருக்கு. முந்தி ஒரு நிமிஷத்தில வந்த மெஷின் இப்ப திடீரெண்டு அஞ்சு நிமிஷம் எடுத்தா அது டிஸ்க் சாகத் தொடங்கின அறிகுறியா இருக்கலாம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எண்ட சின்ன சொப்ட்வெயார் ஒண்டு இருக்கு, காசில்ல, போட்டுப் பாருங்க. மஞ்சள் காட்டினா துப்பரவு வேலையெல்லாம் விட்டுட்டு முதல்ல படங்களையும் ஃபைலுகளையும் வேற இடத்துக்கு எடுங்க. இத நான் கெஞ்சிக் கேக்கிறன், ஏனெண்டா எங்கட சொந்தத்துக்குள்ள ஒரு கலியாண வீட்டுப் படம் முழுக்க இப்பிடித்தான் போனது.

ரெண்டு: பழசுக்கு எஸ்எஸ்டி பூட்டுறது

தங்கச்சிக்கு இதத்தான் செஞ்சன். அவட மெஷின் ஐ3 5005யூ, 2015ல வந்த புரொசசர், 4 ஜிபி ரெம். பின் மூடியக் கழட்டும்போது ஆணிட தலையெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையா இருந்தது, கடற்காத்துக்கு அப்பிடித்தான், ரெண்டு ஆணி சுத்தவே மறுத்திட்டு. ஃபேன்ல தூசி ஒரு பஞ்சு மெத்தை மாதிரி அடைச்சுக் கிடந்தது. அத எடுத்து, 240 ஜிபி எஸ்எஸ்டி ஒண்டும் இன்னொரு 4 ஜிபி ரெம்மும் பூட்டி, விண்டோஸ் புதுசா போட்டன். ரீஸ்டாட் பண்ணி வேர்ட் திறந்து எழுத்து விழ 31 செக்கன். அவ பட்டன அமத்திட்டு வழமை மாதிரி எழும்பினவ, நிண்டு திரும்பிப் பாத்தா.

செலவு எண்டு பாத்தா ஒரு நல்ல புது லப்டொப் விலைல எஸ்எஸ்டிட விலை பத்தில ஒரு பங்கும் வராது. ஆனா மறைஞ்சிருக்கிற செலவையும் சொல்லணும். கடைல விண்டோஸ் போடுற கூலி. பழைய பட்டறி செத்திருந்தா அதுக்கும் ஒரு காசு, கட்டாயம் போடுங்க, ஏனெண்டா பட்டறி இல்லாத மெஷின்ல கரண்ட் போனா அப்பிடியே விழும், மறுகா எழும்பும்போது டிஸ்க் சோதிக்கிறன் எண்டு நிக்கும், திறந்திருந்த ஃபைலும் போகும். 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரத்தில இத நாங்க வடிவாப் பட்டவங்க. மதர்போட்ல இருக்கிற சின்ன வட்டப் பட்டறி போயிருந்தா ஒவ்வொரு தரமும் திகதி பின்னுக்குப் போகும், எஃப்1 அமத்து எண்டு நிக்கும், அதுக்கு செலவு கொஞ்சம்தான், எப்பிடியும் மூடி கழட்டுறதால அதையும் மாத்திருங்க.

வாங்கும்போது கொஞ்சம் தெரிஞ்ச பேரா வாரண்டியோட எடுங்க. ஒன்லைன்ல பேர் தெரியாத 2 டிபி எஸ்எஸ்டி நம்ப முடியாத விலைக்கு வந்தா அத நம்பாதீங்க, உள்ளுக்கு ஒரு சின்ன மெமரி கார்ட் ஒட்டி பெரிய அளவு காட்டுற சாமானும் சந்தைல திரியுது.

இதுட உண்மையான குறை வேற. விண்டோஸ் 11 போட இன்டெல் எண்டா 8ம் ஜெனரேசன் (8ம் தலைமுறை) புரொசசர் அல்லது அதுக்கு மேல வேணும், டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்பு வசதியும் வேணும். தங்கச்சிட 5ம் ஜெனரேசன். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஓட அப்டேட்ட நிப்பாட்டிட்டு. தனி ஆக்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் நீடிக்கிற திட்டம் ஒண்டு விட்டாங்க, மைக்ரோசொப்ட் எக்கவுண்டோட செட்டிங்ஸ சேத்துவிட்டா காசில்லாமலே கிடைக்கிற மாதிரி. அப்ப எஸ்எஸ்டி பூட்டுறது கெதியத் தரும், ஆயுள நீட்டாது. கட்டாயத்துக்கு விண்டோஸ் 11 ஏத்துற வழிகள் இருக்குத்தான், ஆனா அப்டேட் வரும் எண்டு ஆரும் பொறுப்பெடுக்க மாட்டாங்க, அதால ஒரு டீச்சருக்கு நான் அதச் செய்யல.

விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போடலாமே எண்டு கேப்பீங்க. நல்ல யோசனை, 4 ஜிபி ரெம்முல ஓடும், காசில்ல, அப்டேட் வந்துகொண்டே இருக்கும். புரவுசர், வீடியோ, பிடிஎஃப் மட்டும் பாக்கிற வீட்டுக்கு நான் இதத்தான் போட்டுக் குடுக்கிறன். ஆனா எங்கட பள்ளிக்கூடங்கள்ல வினாத்தாள் எல்லாம் பாமினி எழுத்துருவில வேர்ட்ல அடிச்சு ஆளுக்காள் அனுப்புறது. லினக்ஸ்ல அந்த ஃபைல வேர்டுக்குப் பதிலா இருக்கிற லிபரே ஒபிஸ்ல திறந்தா, பாமினிய போட்டிருந்தாலும், பந்தியும் அட்டவணையும் இடம் மாறி நிக்கும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி அதத் திருத்திக்கொண்டு இருக்க ஏலாது. டீச்சர்மாருக்கு இதுதான் தடை.

மூண்டு: செகண்ட் ஹேண்ட்ல நல்ல ஒண்டு எடுக்கிறது

வெளிநாட்டுக் கம்பனிகள்ல பாவிச்சு கழிச்ச திங்க்பேட், லட்டிடியூட், எலைட்புக் மாதிரியான லப்டொப் கல்முனை, மட்டக்களப்பு கடைகள்லயும் இருக்கு. உடம்பு உறுதி, கீபோட் நல்லம், ரெம்மும் டிஸ்க்கும் மாத்தக்கூடிய மொடலுகள் நிறைய. எஸ்எஸ்டியோடயே வரும், 20 செக்கன் பக்கத்தில எழும்பும். என்னக் கேட்டா கம்பஸ் புள்ளைகளுக்கு காசுக்குப் பெறுமதியானது இதுதான், ஆனா கண்ண மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது.

ஐ5 எண்ட ஸ்டிக்கர மட்டும் பாக்காதீங்க, பக்கத்தில இருக்கிற இலக்கத்தப் பாருங்க. ஐ5 7200யூ எண்டா 7ம் ஜெனரேசன், ரெண்டு கோர், விண்டோஸ் 11 பட்டியல்ல இல்ல. ஐ5 8250யூ எண்டா 8ம் ஜெனரேசன், 2017ல வந்தது, நாலு கோர், பட்டியல்ல இருக்கு. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி, ஒரே ஸ்டிக்கர், சில நேரம் விலையும் கிட்டக்கிட்ட. மருமகன் 7200யூ ஒண்டுக்கு அட்வான்ஸ் குடுக்கப் போன நேரம் போனுல படம் எடுத்து எனக்கு அனுப்பினபடியா தப்பினான்.

கடைல நிண்டே பட்டறி ரிப்போட் எடுத்துக் காட்டச் சொல்லுங்க, பட்டறி புதுசில பிடிச்ச அளவும் இப்ப பிடிக்கிற அளவும் அதில இருக்கும். பயோஸுக்குள்ள போய்ப் பாருங்க, பாஸ்வேட் கேட்டா வேணாம், பழைய கம்பனிட பூட்டு இன்னும் கிடக்கு எண்டு அர்த்தம். உங்கட கண்ணுக்கு முன்னால ரீஸ்டாட் பண்ணி நேரம் பிடிங்க. மறைஞ்ச செலவு பெரும்பாலும் பட்டறியும் சார்ஜரும்தான். வாரண்டி மாசக் கணக்கிலதான் குடுப்பாங்க, அத பில்லில எழுதி வாங்குங்க.

நாலு: புத்தம் புதுசு

நல்ல புது லப்டொப் ஒண்டு, 8 ஜிபிக்குக் குறையாத ரெம், என்விஎம்இ எஸ்எஸ்டியோட எடுத்தா 10, 15 செக்கன்ல எழும்பும், மூடியத் திறந்தாலே திரை வந்திரும், பட்டறி நாள் முழுக்க கிட்டத்தட்ட நிக்கும், விண்டோஸ் 11க்கு வருஷக் கணக்கா அப்டேட் வரும். ஏஎல் எடுத்து கம்பஸ் போற புள்ளைக்கு நாலு வருஷம் பாவிக்க வாங்குறதெண்டா, காசு இருந்தா, நியாயம்.

காசு போதாம ஆகக் குறைஞ்ச விலைல புதுசு எடுக்கிற இடத்திலதான் எனக்குப் பயம். கல்முனைல என்ட மச்சான் ஒரு ஆள் மகளுக்கு அப்பிடி ஒண்டு எடுத்தார், பெட்டி பளபளப்பு, நிறை இல்ல, 4 ஜிபி ரெம், 64 ஜிபி ஸ்டோரேஜ். பில்லில அந்த 64 ஜிபிக்குப் பக்கத்தில இஎம்எம்சி எண்டு இருந்தது. அது எஸ்எஸ்டி இல்ல, போனுல இருக்கிற மாதிரி போட்டோட ஒட்டி வாற மெமரி, ஹாட் டிஸ்க்க விட கெதிதான், எஸ்எஸ்டிக்குக் கிட்ட வராது. விண்டோஸே அதில பாதிய நெருங்க எடுத்திரும், ரெண்டு பெரிய அப்டேட் வந்தா இடம் முடிஞ்சு, அப்டேட்டும் ஏறாது. ஒரு பெருநாளுக்கு எல்லாரும் கூடின நேரம் அதையும் தங்கச்சிட பழசையும் பக்கத்துப் பக்கத்தில வச்சு ரீஸ்டாட் பண்ணினம். பத்து வருஷப் பழசு முதல்ல வேர்ட் திறந்திட்டு. மச்சான் ஒண்டும் கதைக்கல, அந்தப் புள்ள முகம் வாடினதுதான் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. இஎம்எம்சிய கழட்டி மாத்தவும் ஏலாது.

புதுசில மறைஞ்ச செலவு இன்னும் இருக்கு. மெல்லிசா வாற மொடலுகள்ல ரெம்மும் போட்டோட ஒட்டித்தான் வரும், பிறகு கூட்டலாம் எண்டு நினைச்சு 8 எடுத்தா 8தான். முதல் நாள் செட்டப்புக்கு இன்டர்நெட்டும் மைக்ரோசொப்ட் எக்கவுண்டும் கேக்கும், அப்டேட் ஜிபி கணக்கில இறங்கும், போன் டேட்டால செஞ்சா பெக்கேஜ் காலி. டிஸ்க்க வேற ஆரும் வாசிக்க ஏலாத மாதிரி தானாவே லொக் பண்ணி வச்சிருக்கும், அந்த லொக்கத் திறக்கிற இலக்கம், ரிகவரி கீ, அந்த எக்கவுண்டுக்குள்ள கிடக்கும். கடைக்காரர் தன்ட ஈமெயில போட்டுச் செட்டப் பண்ணித் தந்தா மறுகா ஒரு நாள் கீ கேக்கும்போது நீங்க கதவுக்கு வெளில. அதால உங்கட ஈமெயில்லதான் செட்டப் பண்ணுங்க. வாரண்டிக்கு கொழும்புக்கு அனுப்பணுமா இஞ்சயே பாப்பாங்களா எண்டதையும் வாங்க முதல் கேளுங்க, ரெண்டு கிழமை மெஷின் இல்லாம இருந்தா அதுவும் செலவுதான்.

ஒரே பார்வைல

நேரமெல்லாம் நான் ரீஸ்டாட் பண்ணி, முதல் வேலை திறக்கிற வரைக்கும் பாத்த அளவு. உங்கட மெஷின்ல கூடிக் குறையும்.

| தெரிவு | வேலை தொடங்க | கைக்காசு | மறைஞ்ச செலவு | ஆருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| பழசு, துப்பரவு மட்டும் | 2 முதல் 4 நிமிஷம் | இல்ல | டிஸ்க் செத்தா ஃபைல் போகும் | நாளைக்கு ஒருக்கா மட்டும் ஒன் பண்றவங்க |
| பழசு + எஸ்எஸ்டி + ரெம் | 25 முதல் 40 செக்கன் | குறைவு | பட்டறி, கூலி, விண்டோஸ் 10 முடிஞ்சது | டைப்பிங், வீட்டுப் பாவனை, ஒண்டு ரெண்டு வருஷம் தள்ளப் பாக்கிறவங்க |
| செகண்ட் ஹேண்ட், 8ம் ஜெனரேசன் தொடக்கம் | 20 முதல் 30 செக்கன் | நடுத்தரம் | பட்டறி, சார்ஜர், குறுகின வாரண்டி | கம்பஸ் புள்ளைகள், கடை, ஒபிஸ் |
| விலை குறைஞ்ச புதுசு, இஎம்எம்சி | 45 செக்கனுக்கு மேல | நடுத்தரம் | ஒண்டும் மாத்த ஏலாது | ஆருக்கும் சொல்ல மாட்டன் |
| நல்ல புதுசு, என்விஎம்இ | 10 முதல் 20 செக்கன் | கூட | டேட்டா, ஒட்டின ரெம், கொழும்பு வாரண்டி | நாலஞ்சு வருஷம் பாவிக்க வாங்குறவங்க |

ஒன் ஆகுற சுணக்கம் மட்டும்தான் கரைச்சல் எண்டா புதுசு எடுக்காதீங்க, எஸ்எஸ்டி போதும். மூடிட பிணைச்சல் உடைஞ்சு, திரைல கோடு விழுந்து, விண்டோஸ் 11ம் ஏறாது எண்டா அதுக்குள்ள எஸ்எஸ்டி பூட்டுறது வீண், அந்தக் காச மூண்டாவது தெரிவுக்குச் சேருங்க. காத்தான்குடி நானாக்கு நான் அதத்தான் சொன்னன், அவர்ட கடைல பில் போடுற மெஷின், காலைல ஆக்கள் வந்து நிக்கும்போது பழுதானா ஒரு நாள் யாவாரம் போகும்.

தங்கச்சிட சீட்டுக் காசில பெரும்பகுதி அப்பிடியே மிஞ்சினது. அத போஸ்ட் ஒபிஸ் புத்தகத்தில போட்டிருக்கா, அடுத்த வருஷம் 8ம் ஜெனரேசனுக்கு மேல ஒண்டு ஆறுதலாப் பாத்து எடுக்கலாம் எண்டு. கழட்டின ஹாட் டிஸ்க்க எறியல, ஒரு யூஎஸ்பி பெட்டிக்குள்ள போட்டுக் குடுத்தன், அதில அம்மாட பழைய படங்கள் இருக்கு. அதையும் ஒரு கொப்பி எடுத்து என்ட மெஷின்ல வச்சிருக்கன்.